சும்மா கிடக்கும் மேஜைக்கு ஓர் இலக்கணம்

பாயிரம்

நூல் செய்தவன் யார், அவன் ஊர் எது, நுதலிய பொருள் என்ன, கேட்போர் யார் என்பவற்றைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும் என்பது பழைய உரையாசிரியர்கள் வைத்த ஒழுங்கு. அதன்படி: ஊர் கெலமங்கலம். கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை வட்டம். ரயில் நிலையம், ரோஜாத் தோட்டம், தக்காளி லோடு எல்லாம் உண்டு. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் உண்டு. நுதலிய பொருள், ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரின் நேரம் எவ்வளவு உருப்படியாகக் கழிகிறது என்று அளக்கும் முறை. கேட்போர், தியேட்டர் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்போர். நூல் செய்தவன் அந்த பெஞ்சில் உட்கார்ந்து பழகியவன்; அதற்கு மேல் அவனைப் பற்றி அறியத் தக்கது ஒன்றுமில்லை.

'பெரிய ஆபரேஷன் என்றால் ஓசூருக்கோ, கிருஷ்ணகிரிக்கோ, எல்லை தாண்டி பொம்மசந்திராவுக்கோ பஸ் ஏறும் ஊர்க்காரனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு?' என்பாரும் உளர். அவர்க்கு விடை இரண்டு. காத்திருத்தலை வகைப்படுத்தக் காத்திருந்தவனே தகுதி உடையவன் என்பது ஒன்று. வீணாகும் நேரத்தை அளக்கும் வித்தையில் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை என்பது மற்றொன்று. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். மோட்டார் 2002-இல் தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கிய கம்பெனி. சிப்காட்டில் ஆறு மாதம் ஷிப்ட் பார்த்த பையன் எவனும் ஓ.இ.இ. என்ற மூன்றெழுத்தைத் தூக்கத்திலும் சொல்வான். செய்இச்சி நகாஜிமா என்ற ஜப்பானியர் வகுத்துக் கொடுத்த கணக்கு அது. மெஷின் ஓட வேண்டிய நேரத்தில் எத்தனை பங்கு ஓடியது, ஓடியபோது உரிய வேகத்தில் எத்தனை பங்கு ஓடியது, வெளிவந்த சரக்கில் எத்தனை பங்கு தேறியது, மூன்றையும் பெருக்கு. மூன்றிலும் தொண்ணூறு வாங்கியவனுக்குப் பெருக்கியபின் எழுபத்து மூன்றுதான் மிஞ்சும். கூட்டினால் ஒன்றின் ஓட்டையை இன்னொன்றால் அடைத்துவிடலாம், பெருக்கினால் முடியாது. இந்த ஓர் அறிவோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறோம்.

நேரவியல்

தொல்காப்பியர் நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்தார். நிலத்துக்கும் காதலுக்கும் அது போதும். ஆபரேஷன் லிஸ்ட்டுக்குப் போதாது. மணி, நிமிடம் என்று போகலாம் என்றால், பஞ்சாங்கத்தில் அதைவிட வசதியான அளவு ஒன்று கிடக்கிறது. ஒரு நாழிகை 24 நிமிடம். காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை ஒரு லிஸ்ட் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், சரியாகப் பத்து நாழிகை. ஒரு நாழிகை வீணானால் பத்தில் ஒன்று வீண். கால்குலேட்டர் வேண்டாம்.

தியேட்டர் நேரம் மூவகைப்படும்: கத்தி நேரம், மேஜை நேரம், லிஸ்ட் நேரம் என. தோலைக் கீறியது முதல் தையல் முடிந்தது வரை கத்தி நேரம். நோயாளி உள்ளே வந்தது முதல் வெளியே போனது வரை மேஜை நேரம். தியேட்டருக்கு ஆளும் விளக்கும் ஏ.சி.யும் ஒதுக்கிய நேரம் முழுவதும் லிஸ்ட் நேரம். அறுவை மருத்துவரிடம் 'எவ்வளவு நேரம் ஆகும்?' என்று கேட்டால் அவர் சொல்வது கத்தி நேரம். மயக்க மருந்து டாக்டர் மனத்தில் வைத்திருப்பது மேஜை நேரம். கண்காணிப்பாளர் மாத அறிக்கையில் வகுப்பது லிஸ்ட் நேரத்தால். மூவரும் ஒரே தியேட்டரைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சண்டைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

கத்தி நேரமே முதன்மை என்பது மயக்க மருந்துக்கு முந்திய காலத்து எண்ணம். லண்டனில் ராபர்ட் லிஸ்டன் காலை வெட்டி எடுக்கும் வேகத்தைப் பார்த்தவர்கள் கடிகாரத்தைக் கையில் வைத்திருந்தார்கள். நோயாளி விழித்திருந்த காலம், வேகமே கருணை. 1846 டிசம்பர் 21 அன்று அதே லிஸ்டன் ஈதர் கொடுத்து ஒருவருக்குக் காலெடுத்தார். அன்றோடு கத்தியின் அவசரம் தணிந்தது. கத்திக்கு முன்னும் பின்னும் உள்ள நேரம் வளரத் தொடங்கியது. இன்று தியேட்டரில் வீணாகும் நேரத்தைக் கத்தியில் தேடுகிறவர், தொலைந்த இடத்தை விட்டு வெளிச்சமுள்ள இடத்தில் தேடுகிறார்.

சும்மாவியல்

இனி நூலின் நடுப்பகுதி. மேஜை சும்மா கிடப்பது நால்வகை: தொடங்காச் சும்மா, இடைச் சும்மா, முடிந்த சும்மா, காத்த சும்மா. முதல் மூன்றும் குற்றம். நான்காவது குற்றம் போலத் தோன்றும், குற்றமன்று. இந்த வேறுபாட்டை அறியாதவர் மாத அறிக்கை எழுதும் இடத்தில் இருப்பதே இந்நூல் எழுந்த காரணம்.

தொடங்காச் சும்மா என்பது ஒன்பது மணி லிஸ்ட் பத்தே காலுக்குத் தொடங்குவது. இது மருத்துவரால் வருவது, பொருளால் வருவது, நோயாளியால் வருவது, கோளால் வருவது எனப் பிரியும். மருத்துவரால் வருவது வெளிப்படை, ஓ.பி.யில் கூட்டம், கோர்ட்டில் சாட்சி, மீட்டிங். ஒருவருக்கொருவர் காத்திருப்பதும் இதில் அடங்கும்: மயக்க மருந்து டாக்டர் வந்ததும் கூப்பிடச் சொன்னவர் அறுவை மருத்துவர், அறுவை மருத்துவர் வந்ததும் கூப்பிடச் சொன்னவர் மயக்க மருந்து டாக்டர். பொருளால் வருவது, ஆட்டோகிளேவில் இருந்து செட் வரவில்லை, ரத்தம் கொடுக்க வந்த டோனர் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்பன போல்வன.

கோளால் வருவதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இதில் எந்த வெளிநாட்டு நூலும் உதவாது. பத்து நாழிகை லிஸ்ட்டின் மேல் பஞ்சாங்கத்தை விரித்துப் பார்ப்போம். திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரைக்கு வந்து ஒன்பதுக்குப் போய்விடுகிறது, நல்லது. ஆனால் எமகண்டம் பத்தரை முதல் பன்னிரண்டு. செவ்வாய் எமகண்டம் ஒன்பது முதல் பத்தரை. புதன் ராகுகாலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை, கடைசிக் கேஸைப் பிடிக்கிறது. வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு ராகு, நட்டநடுவில். சனி ஒன்பதுக்கே ராகு. ஞாயிறை விட்டுவிட்டால் எஞ்சியது வியாழன். அன்று ராகு பிற்பகல் ஒன்றரைக்குத்தான், எமகண்டம் காலை ஏழரைக்கே முடிந்துவிடுகிறது. ஆகவே வியாழன் தூயது என்று துள்ளக்கூடாது. அன்று ஒன்பது முதல் பத்தரை குளிகை. குளிகையில் செய்தது திரும்பவும் நடக்கும் என்பார்கள். வீடு வாங்கலாம், நகை வாங்கலாம். குடலிறக்க ஆபரேஷனைத் திரும்பச் செய்துகொள்ள யாருக்கு ஆசை? ஆக, வாரத்தில் பழுதில்லாத நாள் ஒன்றுமில்லை என்பது பெறப்படும். பெறப்படவே, நாள் பார்ப்பவர் எல்லாரும் சமமாக நாள் பார்க்காதவர் ஆகிறார்கள். மயக்க மருந்து டாக்டர் இதைப் புன்சிரிப்போடு எடுத்துச் சொன்னால் ஒன்பதுக்கே மேஜை ஏறச் சம்மதிப்பவர் பலர். சிசேரியனுக்கு நேரம் குறித்து வருகிறவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் ஜாதகத்தோடு வருகிறார்கள். இலக்கணம் அங்கே வாய் மூடும்.

நோயாளியால் வருவதில் தலையாயது உணவு. 'ராத்திரி பன்னெண்டுக்கு மேல பச்சைத் தண்ணிகூடக் கூடாது' என்று வார்டு சிஸ்டர் சொல்லியிருப்பார். காலையில் 'எதாவது சாப்டீங்களா?' என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்பார்கள். 'இல்லீங்க' என்பார் பெரியவர், மூன்றிலும். மேஜையில் படுத்தபின் தெரியவரும், காபி குடித்தது. காபி சாப்பாட்டில் சேராது என்பது அவர் கட்சி. கெலமங்கலத்துப் பெரியவர்களின் வகைப்பாட்டில் களி ஒன்றே சாப்பாடு, இட்லி டிபன், பன், பிஸ்கட், வெற்றிலை, காபி எல்லாம் 'வாயில போட்டது'. மயக்கவியலாரின் வகைப்பாடு வேறு. அமெரிக்க மயக்கவியலார் சங்கம் வகுத்தபடி, தெளிந்த நீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை குடிக்கலாம். பால் கலந்தது, லேசான உணவு என்றால் ஆறு மணி நேரம். கடுங்காபி தெளிந்த நீர். பால் காபி அன்று. இதன்படி நள்ளிரவுக்கு மேல் தண்ணீரே கூடாது என்ற நம் ஊர் விதி, வேண்டியதைவிடக் கடுமையானது. கடுமையான விதியை மக்கள் இரகசியமாக மீறுகிறார்கள். நியாயமான விதி சொன்னால் வெளிப்படையாகக் கடைப்பிடிப்பார்கள். இது தியேட்டருக்கு மட்டும் உரிய உண்மையன்று, போகட்டும்.

இடைச் சும்மா, ஒரு கேஸ் வெளியே போய் அடுத்தது உள்ளே வரும்வரை. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த அலெக்ஸ் மக்காரியோ 2006-இல் தியேட்டர்களுக்கு மதிப்பெண் போட எட்டு அளவுகள் வகுத்தார், ஒவ்வொன்றுக்கும் சுழி, ஒன்று, இரண்டு, மொத்தம் பதினாறு. அதில் இடைநேரம் சராசரியாக 25 நிமிடத்துக்குள் இருந்தால் முழு மதிப்பெண். அதாவது ஏறக்குறைய ஒரு நாழிகை. நம் முன்னோர் நாழிகை வட்டிலை வைத்தபோது தரை துடைக்கும் நேரத்தைத்தான் மனத்தில் வைத்தார்கள் என்று இங்கே நான் நிறுவப் போவதில்லை. வேறு யாராவது மேடையில் நிறுவிவிடுவார்கள்.

இந்த இடைநேரத்தைச் சுருக்கும் வித்தைதான் தொழிற்சாலைக்காரனுக்குக் கைவந்தது. பிரஸ் மெஷினில் அச்சு (டை) மாற்றுவதைப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவரலாம் என்று ஷிகேயோ ஷிங்கோ காட்டினார். அவர் சொன்னது ஒரே விஷயம்: மெஷின் நின்றபின் செய்ய வேண்டிய வேலையையும், மெஷின் ஓடும்போதே வெளியே செய்து வைக்கக்கூடிய வேலையையும் பிரி. பிரித்துப் பார்த்தால் நின்றபின் செய்வதில் பெரும்பகுதி முன்பே செய்யக்கூடியது. இதற்கும் முன்னால், 1910-களில், கொத்து வேலையில் தொடங்கிக் கை அசைவுகளை ஆராயப் போன ஃபிராங்க் கில்பிரெத் அறுவை மருத்துவர்களைப் படம் பிடித்தார். கருவியைத் தேடுவதிலேயே அவர்கள் நேரம் போகிறது என்று கண்டு, கேட்டதும் கையில் வைக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். சினிமாவில் டாக்டர் கை நீட்டுவதும் நர்ஸ் கத்தரியை வைப்பதும் அந்த வழி வந்தது. செங்கல் அடுக்கியவரிடம் கற்றதை மருத்துவர்கள் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை.

இந்த இரண்டையும் சேர்த்து உலகமே வந்து பார்க்கும்படி செய்து காட்டிய இடம் மதுரை. அரசுப் பணியில் இருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு கண் ஆபரேஷன் செய்தவர் அவர். அங்கே ஒரு மருத்துவருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் கண்புரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்தவரைப் படுக்கவைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி வைத்திருப்பார்கள். முடிந்ததும் மைக்ராஸ்கோப் அந்தப் பக்கம் திரும்பும், மருத்துவரும் திரும்புவார். இடைச் சும்மா மருத்துவருக்கு இல்லை. அது பக்கத்து மேஜையில், வேறு கைகளில் கழிந்துவிட்டது. அந்தக் கைகள் பெரும்பாலும் கிராமத்தில் இருந்து பள்ளிப் படிப்பு முடித்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்களுடையவை. ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000 ஆபரேஷனுக்கு மேல் செய்வது இப்படித்தான். லென்ஸ் விலை தடையாக இருந்தபோது 1992-இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸையும் தாங்களே செய்தார்கள். எல்லை தாண்டி நம் பக்கத்திலேயே, பொம்மசந்திராவில், தேவி ஷெட்டியின் நாராயண இருதயாலயா நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷனை இதே போக்கில் நாள்தோறும் அடுக்கடுக்காகச் செய்ததைக் கண்டு அமெரிக்கப் பத்திரிகை ஒன்று அவரை இருதய அறுவையின் ஹென்றி ஃபோர்டு என்று எழுதியது.

'அப்படியானால் எல்லா ஆஸ்பத்திரியும் அரவிந்த் ஆகலாமே?' என்பது அடுத்து வரும் கேள்வி. ஆகாது. கண்புரை ஒரே அளவுள்ள, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து முடிகிற, முன்கூட்டிக் குறித்த ஆபரேஷன். அரசு ஆஸ்பத்திரி மேஜையில் காலை ஒரு குடலிறக்கம், அடுத்து ஓர் எலும்பு முறிவு, நடுவில் ஓடிவரும் ஒரு சிசேரியன். மூன்றுக்கும் மூன்று செட், மூன்று மயக்கம், மூன்று துடைப்பு. லைனில் ஒரே மாடல் வண்டி ஓட்டுவதும் வாரத்துக்கு நாற்பது மாடல் ஓட்டுவதும் ஒன்றா என்று சிப்காட்டுப் பையனைக் கேளுங்கள்.

முடிந்த சும்மா, லிஸ்ட் பதினொன்றரைக்கே தீர்ந்துபோவது. அதைப் பற்றி யாரும் புகார் செய்வதில்லை.

காத்த சும்மாவுக்கு வருவோம். ஓசூர்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் இரவு இரண்டு மணிக்கு லாரி மோதி ஒருவர் 108-இல் வருகிறார். தமிழக அரசு 2021 டிசம்பரில் கொண்டுவந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசில்லை. காசு இல்லை என்ற தடை நீங்கியது. மேஜை இல்லை என்ற தடை நீங்க வேண்டுமானால் ஒரு மேஜை முன்பே சும்மா கிடந்திருக்க வேண்டும். மூச்சு திணறும் குழந்தை வயிற்றுக்குள் இருக்கும்போதும் அப்படியே. காவலுக்கு நின்ற மேஜையைப் பயன்படாத மேஜை என்று எழுதி, அதிலும் ஒரு குடலிறக்கத்தைப் போட்டு, பயன்பாடு நூறு சதவீதம் என்று காட்டுகிறவர் ஃபயர் ஆபீஸில் வண்டி சும்மா நிற்கிறது என்று தண்ணீர் லாரியாக விடுகிறவர். நூற்றை நெருங்க நெருங்க வரிசை நீளும். மெல்ல நீளாது, கடைசியில் மடமடவென்று நீளும். கோபன்ஹேகனில் டெலிபோன் லைன்களை வைத்து எர்லாங் 1909-இல் தொடங்கிய கணக்கில் இருந்து வந்த முடிவு இது, மேஜைக்கும் பொருந்தும்.

தள்ளியல்

சும்மா கிடப்பது ஒரு குற்றமென்றால், மீறி ஓடுவது மற்றொன்று. பிரிட்டனின் மயக்கவியலார் ஜெய்தீப் பண்டிட் முதலானோர் 2007-இல் இதற்கு ஒரு வாய்பாடு சொன்னார்கள். குறித்த நேரத்தில் பயன்பட்ட பங்கில் இருந்து, மீறி ஓடிய பங்கைக் கழி. வந்ததை, குறித்த ஆபரேஷன்களில் நடந்து முடிந்த பங்கால் பெருக்கு. ஓ.இ.இ.க்கு ஒன்றுவிட்ட தம்பி என்று பார்த்தவுடன் தெரியும்.

மூன்று தியேட்டரை எண்ணிக்கொள்வோம். முதலாவதில் பத்து நாழிகையில் எட்டு ஓடியது, மீறவில்லை, நான்கு கேஸும் முடிந்தது: எண்பது. இரண்டாவதில் பத்தும் ஓடி, மேலே இரண்டு நாழிகை மீறி, ஐந்தில் நான்கு முடிந்தது. ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள். பத்தில் இரண்டைக் கழித்தால் எட்டு. அதை ஐந்தில் நான்கால் பெருக்கினால் அறுபத்து நான்கு. மூன்றாவதில் ஏழு நாழிகைதான் ஓடியது, மூன்று கேஸும் முடிந்தது: எழுபது. ஒரு கணமும் ஓயாமல் வியர்க்க வியர்க்க உழைத்த இரண்டாவது தியேட்டர் கடைசி இடம். மாத அறிக்கையில் அதுவே முதலிடம் வாங்கியிருக்கும், நூறு சதவீதப் பயன்பாடு என்று.

இது எப்படி நேர்கிறது? 'அரை மணி நேரக் கேஸ்' என்று லிஸ்ட்டில் எழுதுவதால். மருத்துவர் சொல்லும் அரை மணி கத்தி நேரத்தில் அரை மணி. அதுவும் நல்ல நாளில். மக்காரியோவின் எட்டு அளவுகளில் இந்தக் கணிப்புப் பிழைக்கும் ஓர் இடம் உண்டு. அவர் அளவுகளில் கேஸ் தள்ளிப்போவதற்கும் இடம் உண்டு: நூற்றில் ஐந்துக்குள் தள்ளினால் முழு மதிப்பெண், பத்தைத் தாண்டினால் சுழி.

தள்ளிப்போவது தியேட்டருக்கு ஒரு கழித்தல் குறி. பெஞ்சில் இருப்பவர்க்கு அது வேறு கணக்கு. ரோஜா பறிக்கும் கூலியை விட்டுவிட்டுக் கூட இருக்க வந்த மனைவிக்கு இன்னொரு நாள் கூலி போயிற்று. ரத்தம் கொடுக்க ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்த தம்பி இன்னொரு முறை சூப்பர்வைசரிடம் நிற்க வேண்டும். படுத்திருப்பவரோ நள்ளிரவு முதல் நாக்கு வறண்டு பிற்பகல் ஒன்றரை வரை கிடந்தார்: முப்பத்து மூன்றே முக்கால் நாழிகை. 'நாளைக்குப் பாத்துக்கலாம்' என்றபின் கஞ்சி குடித்து, இரவு மறுபடியும் நள்ளிரவு விதி. ஓ.இ.இ.யில் இல்லாத, பண்டிட்டிடம் இல்லாத, மக்காரியோவிடமும் இல்லாத ஒரே அளவு இந்தப் பட்டினி. மெஷினுக்குள் போகும் இரும்புக்குப் பசியில்லை என்பதால் தொழிற்சாலை அதை எண்ணவில்லை. அங்கிருந்து கடன் வாங்கிய கணக்கும் எண்ணவில்லை.

ஒழிபு

ஆகவே கண்காணிப்பாளர்களுக்கும் தியேட்டர் சிஸ்டர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ரிஜிஸ்டரில் உள்ளே வந்த நேரம், கீறிய நேரம், வெளியே போன நேரம் என்று கட்டம் போடுகிறீர்கள். பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: கடைசியாகச் சாப்பிட்டது எப்போது. லிஸ்ட்டில் இடம் பெற்று மேஜை ஏறாதவர் பெயருக்கு எதிரிலும் அதை நிரப்புங்கள். மாதக் கடைசியில் பயன்பாட்டுச் சதவீதத்துக்குக் கீழே அந்தப் பட்டினி மணிகளின் கூட்டுத்தொகையும் மேலே போகட்டும். மருத்துவர் சம்மதித்தால், கடைசிக் கேஸ்காரர் காலையில் தண்ணீர் குடிக்கலாம் என்று அவரிடமே சொல்லுங்கள். கேஸ் இன்று நடக்காது என்று பதினொரு மணிக்கே உங்களுக்குத் தெரிந்துவிட்டால், ஒன்றரை வரை வைத்திருக்காமல் பதினொரு மணிக்கே சொல்லி, அவரைச் சாப்பிட விடுங்கள்.